தகரம் அடித்த ஏழு ஜன்னல்கள்

ஏப்ரல் 27, ஞாயிறு

முழு ஆண்டு விடுமுறைக்கு இன்றோடு முப்பத்திரண்டு பேர் கிளம்பிவிட்டார்கள். சிலரை அம்மா வந்து கூட்டிப்போனார்கள். பலரைச் சித்தி, அத்தை, யாரோ ஒரு மாமா என்று ஆதார் அட்டையைக் காட்டிக் கூட்டிப்போனார்கள். மிச்சம் ஒன்பது பேர். இந்த ஒன்பது பேரைத் தேடி யாரும் வரமாட்டார்கள். ஜூன் இரண்டாம் தேதி பள்ளி திறக்கும்வரை இவர்களும் வார்டனாகிய நானும்தான் இந்தப் பெண் குழந்தைகள் இல்லத்தில். சமையல் எல்லம்மா ராத்திரி எட்டு மணிக்கெல்லாம் தன் வீட்டுக்குப் போய்விடுவாள்.

வேலூர் வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. பின்னால் பாறைக் குன்று. பகல் முழுக்க வாங்கிய சூட்டை அது ராத்திரி எங்கள் மேல் ஊதுகிறது. பிள்ளைகள் படுப்பது மாடி ஹாலில். மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. எட்டு ஜன்னல்களில் ஏழுக்குத் தகரம் அடித்து மூடியிருக்கிறார்கள். திறந்திருக்கும் ஒன்று குளியலறைப் பக்கம். அதில் பினாயில் வாசனைதான் வரும், காற்று வராது.

சங்கவி ஒன்பதாவது முடித்திருக்கிறாள். எதையும் அளந்து பார்த்தால்தான் அவளுக்கு நிம்மதி. பள்ளி அறிவியல் டீச்சரிடம் கேட்டு ஒரு பழைய வெப்பமானியை வாங்கி வந்து ஹால் சுவரில் மாட்டினாள். இரவு ஒன்பது மணிக்கு முப்பத்தேழு.

"நம்ம ஒடம்பு சூடும் இதே முப்பத்தேழுதான் டீச்சர். ஒடம்புக்கும் ரூமுக்கும் வித்தியாசமே இல்ல."

இங்கே வார்டனும் டீச்சர்தான். "படு" என்றேன். வழக்கம்போலக் கதவை வெளியே பூட்டிவிட்டுக் கீழே என் அறைக்கு வந்தேன்.

ஏப்ரல் 29, செவ்வாய்

கூரை மேல் நனைத்த கோணிச் சாக்கு போட்டால் சூடு இறங்கும் என்று எல்லம்மா சொன்னாள். மதியம் பதினெட்டு சாக்கு போட்டோம். அரை மணி நேரத்தில் எல்லாம் அப்பளம்போல் காய்ந்துவிட்டது. மறுபடி நனைத்தோம். நான்கு மணிக்குத் தொட்டியில் தண்ணீர் காலி. சாயங்காலம் ஒன்பது பேரும் முகம்கூடக் கழுவாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

ஆறு மின்விசிறியில் இரண்டு ஓடவில்லை. எலக்ட்ரீசியன் நாளைக்கு வருகிறேன் என்றார். ஒன்றரை மாதமாக அவருக்கு அது நாளைக்குத்தான்.

மே 2, வெள்ளி

செயலாளர் தாமோதரன் சார் வந்தார். மாதத்துக்கு ஒருநாள் வந்து கீழே ஆபீஸ் அறையில் ஏ.சி. போட்டுக்கொண்டு கையெழுத்துப் போடுவார். அந்த அறை மற்ற நாள்களில் பூட்டியே இருக்கும். சின்னப் பிள்ளைகளையாவது அதில் படுக்க வைக்கலாமா என்று கேட்டேன். ஃபைல்கள் இருக்கின்றனவாம்.

"அப்படின்னா தகரத்தையாவது எடுத்துடலாம் சார். ராத்திரி ஹால்ல நிக்கவே முடியல."

"அதெல்லாம் கமிட்டில வெக்கணும்மா. சும்மா எடுத்துட முடியுமா? அன்னிக்கு நீங்கதானே..."

அடுப்பில் ரசம் கருகுகிற வாசனை வந்தது. நான் எழுந்து உள்ளே போய்விட்டேன்.

அவர் போன பிறகு எல்லம்மா கேட்டாள்: "ரசம் எங்கியாச்சும் கருகுமா டீச்சரம்மா?" இவளுக்கு வாய் அதிகம்.

மே 4, ஞாயிறு

கத்திரி ஆரம்பம். கத்திரிக்கு முன்பே இந்தக் கதி.

மோனிஷாவுக்கு நெற்றியில் இரண்டு வேனல் கட்டி. முதுகெல்லாம் வியர்க்குரு. ஏழு வயசு, எலும்பும் தோலுமாக ஒரு பிள்ளை. எப்போதும் என் புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டு வருவாள், தள்ளிவிட்டாலும் வருவாள். சந்தனம் அரைத்துப் போட்டேன்.

கீழே சாப்பாட்டுக் கூடத்தில் படுக்கலாமே என்று சங்கவி கேட்டாள். படுக்கலாம்தான். ஆனால் அதன் பின்கதவில் தாழ்ப்பாள் இல்லை. ஜனவரியிலிருந்து மூன்று முறை எழுதிக் கொடுத்திருக்கிறேன். பின்பக்கச் சுவர் இடிந்து கிடக்கிறது. அதற்கு அந்தப் பக்கம் மஸ்தானின் லாரி ஷெட். ராத்திரி பத்து பதினொன்றுவரை வெல்டிங் வெளிச்சமும் ஆம்பிளைகள் பேச்சும். போன மாதம் சத்தம் பற்றிச் சண்டை போட்டேன். "நாங்க வேல செய்யறது இங்கதான்மா, எங்க போவறது?" என்று திருப்பிக் கேட்டான் அந்த ஆள். அந்தக் கதவை நம்பி ஒன்பது பெண் பிள்ளைகளை எப்படிப் படுக்க வைப்பது?

ஒரு தாழ்ப்பாள். அதற்கு ஐந்து மாதம்.

மே 7, புதன்

இன்று நான் செய்ததை எழுதத்தான் வேண்டும்.

மேசை விசிறியின் முன்னால் ஈரத் துணி கட்டினால் குளிர்ந்த காற்று வரும் என்று யாரோ சொன்னதை நம்பி, என் அறை விசிறியை மாடிக்குக் கொண்டுபோனேன். பிளக் எட்டவில்லை. நீள ஒயர் ஒன்றை இழுத்து, கட்டில்களுக்கு நடுவே தரையில் போட்டேன். துணியிலிருந்து தண்ணீர் சொட்டித் தரையெல்லாம் ஈரம். ஒயரில் ஒட்டுப் போட்ட இடம் அந்த ஈரத்தில் கிடந்தது. மோனிஷா செருப்பில்லாமல் அந்தப் பக்கம் வந்தாள். சங்கவி ஒரு கத்துக் கத்தி அவளைத் தூக்கிக்கொண்டாள். நான் சுவிட்சை அணைத்தேன்.

ஒன்றும் ஆகவில்லை. ஒயரைச் சுருட்டிக் கீழே கொண்டுபோனேன். சங்கவியைத் திட்டினேன், அப்படிக் கத்தினாள் என்று.

மே 9, வெள்ளி

இரவு ஒன்றரை மணி நேரம் மின்சாரம் இல்லை. முப்பத்தொன்பது என்று சங்கவி காலையில் சொன்னாள். நான் கேட்கவில்லை.

மே 11, ஞாயிறு

பெரிய பிள்ளைகளை வைத்துக் கட்டில்களை நகர்த்தினேன். கூரை தாழ்வாக இருக்கும் பக்கத்திலிருந்து எடுத்து, ஓடுகிற விசிறிகளுக்குக் கீழே போட்டோம். மெத்தைகளைச் சுருட்டி வைத்துவிட்டுப் பாய் விரிக்கச் சொன்னேன். குடிக்க இரண்டு பானைத் தண்ணீர். இவ்வளவுதான் என் கையில் இருப்பது.

மூலைக் கட்டிலை இழுக்கும்போது அதன் பின்னால் இருந்த ஜன்னலைத் தொட்டுப் பார்த்துச் சங்கவி கேட்டாள்: "ஹேமாவதி அக்கா எறங்கிப் போன ஜன்னல் இதானே டீச்சர்?"

"வேலையைப் பாரு."

"அவங்க ஓடிப்போற ஆளே இல்ல டீச்சர். என் பக்கத்துக் கட்டில்தான் அவங்க. அன்னிக்கு..."

"வேலையைப் பாருன்னு சொன்னேன்ல?"

எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். சாப்பாட்டு நேரத்திலும் பேசவில்லை. நான் என்ன, கெட்டவளா?

ஹேமாவதி விஷயம் இரண்டு வருடத்துக்கு முந்தியது. பதிமூன்று வயசு. மே மாதம், இதேபோல் விடுமுறையில் மிஞ்சிய பிள்ளை. ராத்திரி துருப்பிடித்த கம்பியை வளைத்து வெளியே போய், குழாயைப் பிடித்து இறங்கும்போது விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். மூன்று நாள் கழித்து ஆம்பூரில் அவள் அத்தை வீட்டுத் தெருவில் கிடைத்தாள். அத்தை அவளை வீட்டுக்குள் விடவில்லையாம். விசாரணை நடந்தது. ஓடிப்போகிற சுபாவமுள்ள பெண் என்று எழுதி, திருவண்ணாமலைப் பக்கம் வேறு இல்லத்துக்கு மாற்றினார்கள். அதன் பிறகுதான் ஜன்னல்களுக்குத் தகரம் அடித்தார்கள். பிள்ளைகளின் பாதுகாப்புக்காக.

மே 14, புதன்

தகரத்தை எடுக்கக் கேட்டு நான் எழுதியதற்குச் செயலாளரிடமிருந்து பதில் கடிதம். அப்படியே எழுதி வைக்கிறேன்:

'மாடி ஹால் ஜன்னல்களின் தகரத்தை அகற்றக் கோரும் தங்கள் கடிதம் கிடைத்தது. மேற்படி தகரம் தாங்கள் எழுத்துமூலம் விடுத்த வேண்டுகோளின் பேரிலேயே பொருத்தப்பட்டது என்பதை நினைவூட்டுகிறோம். அகற்றும் பட்சத்தில் நேரக்கூடிய எதற்கும் தாங்களே முழுப்பொறுப்பு என்ற உறுதிமொழிக் கடிதம் அளித்தால், ஜூலை கூட்டத்தில் பரிசீலிக்கப்படும்.'

ஜூலை கூட்டம்! ஜூலையில் மழை பெய்துகொண்டிருக்கும்.

ஆமாம், நான்தான் எழுதிக் கொடுத்தேன். மறைக்கவில்லை. அந்தச் சமயத்தில் வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள். ஒரு பெண் ஜன்னல் வழியாகப் போயிருக்கிறாள் என்றால் ஜன்னலை அடைக்க வேண்டியதுதானே?

உறுதிமொழிக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். 'முழுப்பொறுப்பு' என்ற வார்த்தை வரை வந்து நிறுத்திவிட்டேன்.

மே 16, வெள்ளி

மோனிஷா காலையிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. மோர் கொடுத்தேன், இரண்டு வாய் குடித்தாள். நுங்கு விற்பவர் வந்தார், அதையும் தள்ளிவிட்டாள். தலை வலிக்கிறதாம். வெயிலில் ஆடாதே என்று சொன்னேன். ஆனால் அவள் வெயிலில் ஆடவே இல்லை. நாளெல்லாம் ஹாலில்தான் சுருண்டு கிடந்தாள்.

மே 17, சனி, மருத்துவமனையில்

நேற்று இரவு பத்தரை மணி இருக்கும். மாடியில் சாப்பாட்டுத் தட்டால் கதவை அடிக்கும் சத்தம். கேட்டதும் எழுந்தேன். உடனே எழுந்தேன். இதைக் குறித்து வைக்கிறேன்.

சாவியைத் தேடிப் பூட்டைத் திறக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியவில்லை. உள்ளே சங்கவி மோனிஷாவை மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளையின் உடம்பு அடுப்பில் வைத்த தோசைக்கல்போல் கொதித்தது. ஒரு சொட்டு வியர்வை இல்லை. ஒருமுறை வாந்தி எடுத்திருந்தாள். கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. "ஆட்டுக்குட்டி வந்துச்சு, ஆட்டுக்குட்டி வந்துச்சு" என்று உளறிக்கொண்டிருந்தாள்.

ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன். பக்கத்தில் வண்டி இல்லை, நாற்பது நிமிடம் ஆகும் என்றார்கள். மற்ற பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள எல்லம்மாவுக்குப் போன் செய்தேன். அவள் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கி, சாப்பாட்டுக் கூடத்துப் பின்கதவு வழியாக, அந்தத் தாழ்ப்பாள் இல்லாத கதவு வழியாகத்தான், இடிந்த சுவரைத் தாண்டி லாரி ஷெட்டுக்கு ஓடினேன்.

மஸ்தான் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "இன்னாம்மா ஆச்சு?"

"வண்டி... வண்டி வேணும்."

வேறு ஒன்றும் கேட்கவில்லை. சின்ன லோடு வண்டியில் கிடந்த இரும்பையெல்லாம் இரண்டு பேராகத் தள்ளிக் கீழே போட்டார்கள். தண்ணீர் கேனை என் பக்கத்தில் வைத்தார். "துணிய நனச்சி கழுத்துல, அக்குள்ல போட்டுக்கினே வாம்மா. வாய்ல ஊத்தாதே, பொற ஏறிடும். லாரிக்காரங்க நாங்க, வெயில்ல வியுந்த ஆளுங்கள எத்தினியோ பாத்துகீறோம்." வழி முழுக்க நான் துணியை நனைத்தேன், போட்டேன், மறுபடி நனைத்தேன்.

டியூட்டி டாக்டர் சின்னப் பெண். உடனே உள்ளே எடுத்துக்கொண்டாள். ஐஸ், குளுக்கோஸ், எத்தனையோ. ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தாள்.

"இன்னும் அரை மணி லேட்டாயிருந்தா என்னால எதுவும் சொல்லியிருக்க முடியாதும்மா. இது ஹீட் ஸ்ட்ரோக். எங்க படுக்க வெக்கிறீங்க பிள்ளைய?"

"மாடி ஹால்ல."

"ஜன்னல் இருக்கா?"

"இருக்கு" என்றேன்.

"ராத்திரி தொறந்தே வைங்க. பகல்ல வெயில் அடிக்கிறப்போ மூடுங்க, சாயங்காலம் தொறந்துடுங்க."

"சரிங்க டாக்டர்" என்றேன்.

மே 18, ஞாயிறு, மருத்துவமனையில்

காலையில் மோனிஷா கண் விழித்து என்னைப் பார்த்தாள். "டீச்சர், இங்க ஜில்லுனு இருக்கு" என்றாள். பிறகு இட்லி கேட்டாள். பாதி இட்லி தின்றாள். என் முந்தானையைப் பிடித்துக்கொண்டே தூங்கிவிட்டாள். இந்தமுறை நான் தள்ளிவிடவில்லை.

வார்டில் பக்கத்துக் கட்டிலில் யாரும் இல்லை. எழுத நேரம் இருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

ஹேமாவதி அன்று ராத்திரி கதவைத் தட்டினாள். பானையில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. "டீச்சர், தண்ணி. டீச்சர், மூச்சு முட்டுது" என்று கூப்பிட்டாள். எனக்குக் கேட்டது. அன்று சாயங்காலத்திலிருந்து இரண்டு முறை மாடி ஏறி இறங்கியிருந்தேன், முழங்கால் வலி. இன்று எழுந்தால் தினமும் எழுப்புவார்கள் என்று நினைத்தேன். படுத்தபடியே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் தட்டுவது நின்றுவிட்டது. தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

தண்ணீருக்காகத்தான் இறங்கினேன், விழுந்த பிறகு டீச்சர் அடிப்பார்கள் என்று பயந்து அத்தை வீட்டுக்குப் போய்விட்டேன் என்று விசாரணையில் அவள் சொன்னாள். டீச்சரைக் கூப்பிட்டேன் என்றும் சொன்னாள். என்னைக் கேட்டார்கள். எந்தச் சத்தமும் கேட்கவில்லை, தூங்கிக்கொண்டிருந்தேன் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். வார்டன் பேச்சுக்கும் பதிமூன்று வயசுப் பிள்ளை பேச்சுக்கும் நடுவில் யார் பேச்சை எடுத்துக்கொள்வார்கள்?

மறுவாரம் தகரத்துக்கு எழுதிக் கொடுத்தேன். தப்பு ஜன்னலில் இருக்கிறது என்று எல்லோரும் நம்ப வேண்டும், இல்லையா.

மே 20, செவ்வாய்

திரும்பி வந்துவிட்டோம். நான் இல்லாத நாள்களில் எல்லம்மா எட்டுப் பேரையும் சாப்பாட்டுக் கூடத்தில் படுக்க வைத்திருக்கிறாள். பின்கதவுக்கு மஸ்தான் வந்து தாழ்ப்பாள் போட்டுவிட்டாராம்.

"எவ்ளோ நேரம் ஆச்சு?" என்று கேட்டேன்.

"பத்து நிமிசம்" என்றாள் எல்லம்மா. "டீ குடிச்ச நேரத்தையும் சேத்து."

செயலாளருக்குப் போன் செய்து தகரத்தை எடுக்கப்போவதாகச் சொன்னேன்.

"கமிட்டி அனுமதி இல்லாம கை வெக்காதீங்க. ஏதாச்சும் ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"ஏற்கனவே ஆயிடுச்சு சார்."

"பிள்ளைதான் நல்லாயிருக்கே. எதுக்குப் பதட்டப்படறீங்க? மருத்துவமனைல இல்லத்தோட பேரு எதுவும் எழுதலையே?"

நான் போனை வைத்துவிட்டேன். பத்தொன்பது வருடத்தில் அவர் பேசி முடிப்பதற்கு முன் போனை வைத்தது இதுதான் முதல் தடவை.

மே 22, வியாழன்

மஸ்தானும் இன்னொருவரும் காலை ஆறு மணிக்கே வந்தார்கள், வெயிலுக்கு முன்னால் முடிக்க வேண்டுமென்று. ஏணி போட்டு வெளியிலிருந்து ஏழு தகரத்தையும் பிடுங்கினார்கள். முதல் தகரம் விழுந்தபோது ஹாலுக்குள் வந்த வெளிச்சத்தில் எவ்வளவு ஒட்டடை! பிள்ளைகள் துடைப்பத்தோடு பாய்ந்தார்கள்.

வெறும் ஜன்னலைத் திறந்துவிட்டால் போதாது என்று மஸ்தான் சொன்னார். ஒவ்வொரு கம்பியையும் ஆட்டிப் பார்த்தார். மூலை ஜன்னலின் கம்பி வளைந்தபடியே, தகரத்துக்குப் பின்னால் இரண்டு வருடமாக இருந்திருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். துருப்பிடித்த கம்பிகளை வெட்டிவிட்டுப் புதுக் கம்பி வைத்தார், ஒரு சின்னக் குழந்தையின் தலைகூட நுழையாத இடைவெளியில். கொசுவலைக் கம்பியும் அடித்தார். கட்டில்களை ஜன்னலை ஒட்டிப் போடாதீர்கள், பிள்ளைகள் ஏறி நிற்கும் என்றார். தள்ளிப் போட்டோம்.

இறங்கும்போது கதவில் தொங்கிய பூட்டைப் பார்த்தார்.

"ராத்திரில இத வெளிய பூட்டுவீங்களா?"

"ஆமாம்."

"ஒயர் எரிஞ்சி தீப் புடிச்சா புள்ளைங்க எப்டிமா வெளிய வரும்?"

ஒயரைப் பற்றி எனக்குத் தெரியாதா என்ன. அவரே உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் வைத்தார், பெரிய பிள்ளைக்கு எட்டும் உயரத்தில். எனக்கு இனி மாடியில் ஹால் வாசலுக்கு வெளியே கட்டில்.

அதற்குள் எல்லம்மாவும் சங்கவியும் கூரை மேல் இரண்டாவது பூச்சு சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். கூரை மேல் பிள்ளையை ஏற்றாதே என்று கத்தினேன். "நான் ஏணிலதான் நிக்கறேன் டீச்சர், ஷீட்டு மேல கால் வெக்கல" என்றாள் சங்கவி. வெள்ளை அடித்தால் வெயில் திரும்பிப் போய்விடுமாம். பாடத்தில் இருக்கிறதாம்.

இரவு ஒன்பது மணிக்கு முப்பத்திரண்டு. சங்கவி மூன்று முறை பார்த்துவிட்டுத்தான் நம்பினாள்.

மே 24, சனி

கடிதம் எழுதி முடித்தேன். உறுதிமொழிக் கடிதம் இல்லை. ஹேமாவதி தட்டியது எனக்குக் கேட்டது என்றும், படுத்திருந்தேன், எழவில்லை என்றும், விசாரணையில் பொய் சொன்னேன் என்றும் எழுதினேன். ஒரு பிரதி செயலாளருக்கு, ஒரு பிரதி மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவுக்கு.

செயலாளருக்கு ஆள் மூலம் அனுப்பியதும் ஓடி வந்தார். இது அவர் வருகிற நாளே இல்லை.

"இத எதுக்கும்மா இப்ப கெளறிக்கிட்டு? ஜன்னல்தான் தொறந்தாச்சே! தாழ்ப்பாளும் போட்டாச்சு. அந்தப் பொண்ணு எங்கியோ நல்லா இருக்கும். நான் இதைக் கிழிச்சுப் போட்டுடறேன், நீங்க ஒண்ணும் எழுதலன்னு வெச்சுக்கலாம்."

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இரண்டு வருடம் பொய் சொன்னேன், ஒரு நொடியில் நம்பினார்கள். இப்போது உண்மையைச் சொல்கிறேன், வாங்கிக்கொள்ளக்கூட ஆளில்லை.

"இன்னொரு காப்பி போஸ்ட்ல போயிடுச்சு சார்."

காபிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

மே 28, புதன்

கத்திரி முடிந்தது. சாயங்காலம் நாலு தூறல். மண் நனையவில்லை.

புது வார்டன் வந்ததும் நான் விலகிக்கொள்ள வேண்டும், அதுவரை நானே பொறுப்பு என்று செயலாளர் கடிதம் அனுப்பியிருக்கிறார். குழந்தைகள் நலக் குழுவிலிருந்தும் போன் வந்தது. விசாரணையைத் திரும்பத் திறக்கிறார்கள். ஜூன் ஐந்தாம் தேதி வரச் சொன்னார்கள். ஹேமாவதியையும் கேட்பார்களாம். அதற்கு முன் அவளைப் பார்க்க அனுமதி உண்டா என்று கேட்டேன். அந்த இல்லத்து வார்டனும் அந்தப் பெண்ணும் சம்மதித்தால் பார்க்கலாம் என்றார்கள்.

ஹேமாவதி சம்மதித்தாளாம்.

ஜூன் 1, ஞாயிறு

காலை பஸ்ஸில் போய்வந்தேன். பிள்ளைகளை எல்லம்மாவிடம் விட்டிருந்தேன்.

ஹேமாவதி நன்றாக வளர்ந்துவிட்டாள். என்னைவிட உயரம். மணிக்கட்டு கொஞ்சம் கோணலாகவே சேர்ந்திருக்கிறது. பத்தாம் வகுப்பில் நானூற்றுப் பன்னிரண்டு மார்க் என்று அந்த வார்டன் பெருமையாகச் சொன்னார். வேப்பமரத்தடியில் இரண்டு நாற்காலி போட்டு, கண் பார்க்கும் தூரத்தில் அவரும் உட்கார்ந்துகொண்டார். நான் எடுத்துப்போன பழத்தை ஹேமாவதி வாங்கிப் பக்கத்தில் வைத்தாள். பிரிக்கவில்லை.

பஸ்ஸில் வழியெல்லாம் யோசித்து வைத்ததெல்லாம் மறந்துவிட்டது. "நீ தட்டுனது எனக்குக் கேட்டுச்சு" என்று மட்டும் சொன்னேன்.

"தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"குழாயப் புடிச்சி எறங்கும்போது உங்க ரூம் ஜன்னல் வழியா பாத்தேன். லைட் எரிஞ்சுது. நீங்க டேபிள் கிட்ட உக்காந்து ஒரு நோட்டுல எழுதிகினு இருந்தீங்க."

அந்த நோட்டு என் டிரங்குப் பெட்டியில் இருப்பது ஞாபகம் வந்தது.

"அதப் பாத்துதான் கை நழுவுச்சு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மார்க் சொல்வதுபோல்தான் சொன்னாள். "விசாரணைல இதையும் சொன்னேன். யாரும் எழுதிக்கல."

"நான் அவங்களுக்கு லெட்டர் போட்டிருக்கேன், ஹேமா. எல்லாத்தையும் எழுதிட்டேன்."

"படுத்துனு இருந்தேன்னு எழுதினீங்களாமே. அந்தக் குழு மேடம் போன்ல படிச்சிக் காட்டினாங்க."

தலையாட்டினேன்.

"எனக்கு எதுக்கு டீச்சர் சொல்றீங்க? எனக்குத்தான் தெரியுமே. அவங்ககிட்ட சொல்லுங்க." எழுந்துகொண்டாள். இரண்டடி போய்த் திரும்பி, "அங்க யாரு இப்ப லீவுல தங்கிகீறாங்க?" என்று கேட்டாள்.

"ஒன்பது பேர். சங்கவிகூட."

"அவ ராத்திரில தண்ணி நெறைய குடிப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

இல்லத்துக்குத் திரும்பியதும் கட்டிலுக்கு அடியிலிருந்த டிரங்குப் பெட்டியை இழுத்து, இரண்டு வருடத்துக்கு முந்திய நோட்டை எடுத்தேன். அந்தப் பக்கத்தை இத்தனை நாளும் நான் திறக்கவில்லை. மே 19. என் கையெழுத்து, நீல மை, எந்த அடித்தல் திருத்தலும் இல்லாமல்:

'இன்றும் கடும் புழுக்கம். பிள்ளைகள் எல்லோரும் நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.'

அவள் தட்டிக்கொண்டிருந்தபோது எழுதியது. கடைசி எழுத்து கொஞ்சம்கூட நடுங்கவில்லை.

இன்னொரு கடிதம் எழுதினேன், நான்கு வரி. படுத்திருக்கவில்லை, உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன், நோட்டை இணைத்திருக்கிறேன் என்று. பக்கத்தைக் கிழித்து அனுப்பினால் சந்தேகம் வரும். அதனால் முழு நோட்டையும் உறைக்குள் வைத்து ஒட்டினேன். இன்று ஞாயிறு, தபால் ஆபீஸ் கிடையாது. நாளைக் காலை பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, பத்து மணிக்குப் பதிவுத் தபாலில் போட வேண்டும்.